வரம் வேண்டா மனிதர்

கோயிலிலே கும்பிடப்படும் கடவுள் நம்மோடு குடியிருக்க வந்தால் என்ன ஆகும்? 1943-இல் 'கலைமகள்' இதழில் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுப்பும் கேள்வி இது.

சென்னைத் தெருவிலே கடவுள் வழி கேட்கிறார். பிள்ளை அஞ்சினாரா? அடிபணிந்தாரா? இல்லை, தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார்! வரம் வேண்டாம், மனிதர் நெறிக்குக் கட்டுப்பட்டு நடந்தால் போதும் என்கிறார். கலையறிந்தோர் எனப்படுவார் முன் கடவுளே ஆடுகிறார், ஆட்டம் எடுபடவில்லை.

நாத்திகர் கைகொட்டலாம், ஆத்திகர் முகஞ்சுளிக்கலாம். இருவரும் கதையில் பாதியே கண்டவர். ஆண்டவனையும் சந்தாதாரராகவே காணும் பிள்ளையும் நகைப்புக்குத் தப்பவில்லை. குழந்தை வள்ளி ஒருத்திக்கே அவர் வெறும் விளையாட்டுத் தோழர்.

ஆசிரியர் நோக்கம் யாது? எட்ட நின்று வரம் தரலாம், உடனிருந்து வாழ இயலாது என இறுதியில் கடவுளே ஒப்புகிறார். மேடையேறி அருள்பாலிக்கும் தலைவர்க்கும், நாற்காலியிலிருந்து அறம் உரைக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இவ்வுரை பொருந்தாதோ? திருவரங்குளத்துச் சிறார்க்கு இக்கதையைச் சொல்லும்போது, சிரிப்போடு நிறுத்துவது முறையன்று. ஏழையோடு அமர்ந்து ஒரு வேளை உண்ணாதவன் அவனுக்கு எதைத் தந்தாலும் அது பிச்சையே என்பதையும் சேர்த்துச் சொல்வோம்!