வள்ளி திருமணம் நாடகத்தில் மாயம்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இசை நாடகங்களுள் இன்றுவரை மிகுதியாக மேடையேறுவது வள்ளி திருமணம். மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரக் கிராமங்களில் கோயில் திருவிழாவை ஒட்டி ஓர் இரவு முழுவதும் இந்நாடகம் நடப்பது பழைய வழக்கம். கடவுள் வரும் நாடகம் என்றாலும் இதன் அமைப்பு நகைச்சுவை நாடகத்தின் அமைப்பே. மாறுவேடம், ஆள் தெரியாத மயக்கம், சொற்சிலேடை, ஏமாறும் தந்தை, இறுதியில் கல்யாணம் என அதன் எல்லா உறுப்புகளும் இதில் உள்ளன. இவற்றை இயக்குவது முருகனின் மாயம். நினைத்த உருவத்தை நொடியில் எடுக்க வல்ல கடவுள், ஒரு குறவர் பெண்ணை மணக்க ஏன் விடிய விடியப் பாடுபட வேண்டும் என்பதே இந்நாடகம் எழுப்பும் முதன்மையான கேள்வி.

கதையும் அதன் மூலமும்

முருகன் வள்ளியை நாடி வந்த கதை தமிழகத்தில் பழமையானது. அதை விரிவாகச் சொல்வது கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் நிறைவாக அமைந்த வள்ளியம்மை திருமணப் படலம். வேடர் தலைவன் நம்பியின் வளர்ப்பு மகள் வள்ளி. பரண் மீது நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடித் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் சொல்லக் கேட்டு முருகன் வேடனாக வருகிறான். வள்ளி இணங்கவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நம்பி வர, முருகன் வேங்கை மரமாகிறான். மறுமுறை நம்பி வரும்போது முதியவராகிறான். கடைசியில் அண்ணன் விநாயகனை நினைக்க, அவன் யானையாக வருகிறான். அஞ்சிய வள்ளி முதியவரைத் தழுவிக்கொள்கிறாள். அதன்பின் முருகன் தன் உருவத்தைக் காட்டுகிறான்.

நாடக மேடை இந்த உருவங்களை 'வேலன், வேடன், விருத்தன்' என மூன்றாகத் தொகுத்துக்கொண்டது. பெரும்பாலும் ஒரே ராஜபார்ட் நடிகரே மூன்றையும் ஏற்பார். வள்ளிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பந்தலில் இருப்பவர்களுக்கோ ஒரே ஆள். சிரிப்பு இந்த இடைவெளியில் பிறக்கிறது. மேடை மரபில் வள்ளி வேடனை மறுப்பதற்குச் சொல்லும் காரணம், தான் முருகனையே மணப்பதாக உறுதி கொண்டவள் என்பது. முருகனுக்காகவே முருகனை விரட்டுகிறாள். அவளைத் தவிர அங்கே எல்லாருக்கும் உண்மை தெரியும்.

உடலை மாற்றும் மாயம், மனத்தை மாற்றாத மாயம்

உலக நகைச்சுவை நாடகங்களில் மாயம் பல வேலைகளைச் செய்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'பகவதஜ்ஜுகம்' என்ற வடமொழிப் பிரகசனத்தில் ஒரு துறவி யோகத்தால் இறந்த கணிகையின் உடலுக்குள் புகுகிறார். எமதூதன் அவளுடைய உயிரைத் துறவியின் உடலில் விட்டுவிடுகிறான். துறவி கணிகையாகப் பேச, கணிகை துறவியாகப் பேச, சிரிப்பு எழுகிறது. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் ஒரு பூவின் சாறு தூங்குபவர் கண்ணில் பிழியப்படுகிறது. விழித்ததும் முதலில் பார்ப்பவர் மேல் காதல் பிறக்கிறது. தேவதைகளின் அரசி கழுதைத் தலை கொண்ட நெசவாளியைக் கொஞ்சுகிறாள். இறுதியில் மற்றவர்களின் மயக்கம் நீக்கப்படுகிறது. ஆனால் டெமிட்ரியஸ் என்ற இளைஞனின் கண்ணிலிருந்து அந்தச் சாறு எடுக்கப்படுவதே இல்லை. அவனுடைய கல்யாணம் மருந்தின் மேல் நிற்கிறது.

வள்ளி திருமணத்தில் அத்தகைய மருந்து கிடையாது. முருகனின் மாயம் அவனுடைய சொந்த உடலை மட்டுமே மாற்றுகிறது. வள்ளியின் மனத்தை அது தொடுவதில்லை. வேடன் உருவில் எத்தனை அழகாக வந்தாலும் அவள் மறுக்கலாம், மறுக்கிறாள். ஆகவே அவளுடைய சம்மதத்தைப் பேசித்தான் பெற வேண்டும். எல்லாம் வல்ல கடவுள், பரண் மீது நிற்கும் ஒரு பெண்ணோடு வாதாடித் தோற்கிறான் என்பதே நாடகத்தின் சுவை.

இன்னொன்றும் இங்கே நடக்கிறது. கதைகளில் மாயம் பொதுவாகக் காரியத்தை விரைவுபடுத்தும். நடக்க முடியாததை நொடியில் நடத்திக் காட்டும். இந்நாடகத்தில் மாயம் காரியத்தைத் தள்ளிப்போடுகிறது. முருகன் தன் உருவிலேயே வந்திருந்தால் கல்யாணம் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். வேடனாக வந்ததால் தர்க்கம் நீள்கிறது. மரமானதால் பேச்சு அறுபடுகிறது. முதியவரானதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் உருமாற்றமும் கல்யாணத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது.

தாமதம் தரும் இடம்

இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்க வேண்டிய நாடகத்துக்கு இந்தத் தாமதம் அடிப்படைத் தேவை. மதுரை வட்டாரத்தில் இது 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறையில் நடக்கிறது. இதில் நிலையான குழு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நடனப்பெண், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார்கள். ஒத்திகை இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவாக உள்ளது சுவாமிகள் வகுத்த கதைப்போக்கும் பாடல்களும் மரபும். மீதி அந்த நேரத்தில் பிறக்கிறது.

அப்படிப் பிறக்கும் பகுதிகளில் முக்கியமானது தர்க்கம். நாரதர் வள்ளியோடும், வேடன் வள்ளியோடும் நடத்தும் வாதங்கள் மணிக்கணக்கில் நீளக்கூடியவை. திருப்பரங்குன்றத்தில் தெய்வயானையை மணந்தவன் முருகன் என்பது மதுரைக்காரர் ஒவ்வொருவரும் அறிந்தது. ஏற்கெனவே ஒரு மனைவி உள்ளவனுக்கு இன்னொரு கல்யாணமா என்ற கேள்வி வள்ளிக்கு இயல்பாகவே கிடைக்கிறது. நல்ல ஸ்திரீபார்ட் கையில் அது வெறும் வேடிக்கையாக நிற்காது. பந்தலில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கும் அந்தக் கேள்வி சொந்தமானது.

மேடையில் மாயத்தைக் காட்டும் பொறிகளும் மிகக் குறைவு. பின்னால் ஒரு படுதா, அதற்குப் பின்னால் ஒப்பனை மாற்ற ஓர் இடம். வேடன் மறைந்து விருத்தன் வருவதற்குள் ஆர்மோனியமும் மிருதங்கமும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. தள்ளாடும் நடை, நடுங்கும் குரல், இருமல் ஆகியவற்றைக் கொண்டே நடிகர் முதியவராகிறார். மாயத்தைப் பெரும்பாலும் சொல்லும் குரலுமே செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்குக் கந்தபுராணத்திலேயே ஓர் அடித்தளம் உண்டு. முதியவரிடம் எதற்காக வந்தீர் என்று நம்பி கேட்கிறான். இந்த மலையிலுள்ள குமரியில் ஆட வந்ததாக அவர் சொல்கிறார். நம்பிக்குக் குமரி என்பது தீர்த்தம். முருகனுக்கு அது கன்னிப்பெண். முதியவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் தந்தை ஏமாறுகிறான். தன் மகளுக்குத் துணையாக இருக்கும்படி அவனே சொல்லிவிட்டுப் போகிறான். உருமாற்றம் செய்து முடிக்காததை ஒரு சிலேடை செய்து முடிக்கிறது.

வேடத்துக்குள் இன்னொரு வேடம்

சொல்லால் நிகழும் இந்த மாயத்தை நாட்டு விடுதலைக் காலம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியை ஒட்டி வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்று புகழ்பெற்றது. மேலோட்டமாக அது பயிரைத் தின்ன வரும் பறவையைப் பற்றியது. கேட்டவர்களுக்கோ அது வெள்ளையர் ஆட்சியைப் பற்றியது. முருகனைப் போலவே அந்தப் பாட்டும் மாறுவேடத்தில் வந்தது. பார்வையாளர்களுக்கு அடையாளம் தெரிந்தது. காவல் துறைக்கும் தெரியாமல் போகவில்லை.

அப்பாட்டைப் பாடிப் பலமுறை கைதானவர் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886–1940). அவர் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தக் காரணத்தால் அவருடன் வள்ளியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தனர். நாடகத்தின் பொருளோடு வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பின் முரண் விளங்கும். கதையில் கடவுள் தன் உயர்வை மறைத்து வேடனாகி ஒரு குறவர் மகளிடம் கெஞ்சுகிறான். சாதி வேற்றுமையைப் பொருட்படுத்தாத காதலைக் கொண்டாடும் கதை அது. அதையே நடிக்கும் மேடையில் முருகன் வேடம் போட்டவரின் சாதி பார்க்கப்பட்டது. கடவுள் வேடனாகலாம் என்று ஏற்றுக்கொண்ட உலகம், அந்த மனிதர் கடவுளாவதை ஏற்கத் தயங்கியது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடந்தபோது, முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்த நிலையிலேயே விசுவநாததாஸ் உயிர் துறந்தார்.

யானை

நாடகத்தின் மாயங்களுள் சிக்கலானது யானை. மற்ற உருமாற்றங்கள் ஏமாற்றினாலும் வள்ளியின் மறுக்கும் உரிமையைப் பறிப்பதில்லை. யானை பறிக்கிறது. சொல்லால் வெல்ல முடியாதவன் அச்சத்தால் வெல்கிறான். காப்பாற்றினால் நீங்கள் சொன்னபடி செய்கிறேன் என்று அவள் முதியவரிடம் சொல்வது பயத்தில் கொடுத்த வாக்கு. இரவெல்லாம் சமமாக நின்று வாதாடிய வள்ளி இந்த ஓர் இடத்தில் சிறுத்துப்போகிறாள்.

இதற்குச் சமய விளக்கம் ஒன்று உண்டு. வள்ளி ஜீவாத்மா, முருகன் பரமாத்மா, யானை உலகத் துன்பம், துன்பம் வந்தபோது உயிர் இறைவனை அடைகிறது என்பது அது. தத்துவமாக இது பொருந்தும். முற்பிறவியில் திருமாலின் மகளாக இருந்து முருகனை மணக்கத் தவம் செய்தவளே வள்ளி என்ற செய்தியும் இதற்குத் துணை நிற்கிறது. ஆனால் மேடையில் நிற்பது தத்துவம் அல்ல, பயந்து ஓடும் ஒரு பெண். அவளுடைய வாதத்தை முழுமையாகக் கேட்ட நாடகம், அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமலேயே அவளைத் தோற்கடிக்கிறது. மாயம் காரியத்தைத் தள்ளிப்போட்டவரை நாடகம் இருவருக்கும் சொந்தமாக இருந்தது. மாயம் காரியத்தை முடிக்க வந்தபோது அது முருகனுக்கு மட்டும் சொந்தமாகிறது. கட்டுக்கோப்பில் நாடகத்தின் பலவீனமான இடம் இதுவே.

வள்ளியின் கேள்வி

கந்தபுராணம் இந்தக் குறையை உணர்ந்ததுபோல் ஒரு செய்தியைத் தருகிறது. முருகன் ஆறுமுகம் காட்டி நின்றதும் வள்ளி உடனே புகழ்ந்து பாடிவிடவில்லை. இந்த உருவத்தை முன்பே காட்டாமல் இத்தனை நேரத்தையும் வீணாக்கிவிட்டீரே என்று குறைபட்டுக்கொள்கிறாள். நாடகத்தைப் பார்ப்பவர் இரவெல்லாம் நினைத்திருக்கக்கூடிய கேள்வியை அவளே கேட்டுவிடுகிறாள்.

அந்தக் கேள்விக்கு முருகனைவிட நாடகமே சரியான பதில் சொல்கிறது. நேரம் வீணாகவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பெண் கடவுளை மறுத்துப் பேசினாள், தந்தை ஒரு சிலேடையில் ஏமாந்தார், ஒரு கொக்குப் பாட்டில் அரசாங்கம் அஞ்சியது, பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வள்ளி திருமணத்தில் மாயத்தின் உண்மையான வேலை கல்யாணத்தை நடத்துவது அல்ல. கல்யாணத்துக்கு முன் பேச வேண்டியதைப் பேச ஓர் இரவை உண்டாக்கிக் கொடுப்பது.