விழுங்கப்பட்ட 'சீ': முதுமையும் நமது புனைகதையும்

பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களை நோக்கிச் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்ற கட்டளை நம் எல்லோருக்கும் மனப்பாடம். குத்பாக்களில் கேட்டே வளர்ந்தோம். ஆனால், ஒரே இரவில் மூன்றாவது தடவையாக ஈரப்பாயை மாற்றும் மகளின் தொண்டை வரை வந்து, அவளால் விழுங்கப்படும் அந்தச் 'சீ' என்னவாகிறது? அதைச் சொல்ல வேண்டியது புனைகதை. நமது புனைகதை அதைச் சொல்லியிருக்கிறதா என்பதே என் கேள்வி.

பராமரிப்பைத் திட்டமிடுவது நம் வீடுகளில் அபசகுனம்போலப் பார்க்கப்படுகிறது. வாப்பா நன்றாக நடமாடும்போதே "உங்களுக்கு ஏலாமல் போனால் யாருடைய வீட்டில் இருக்க விருப்பம்?" என்று கேட்டால், மௌத்தை எதிர்பார்த்து நிற்பவன் என்ற பெயர் வரும். இலங்கையில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்போதே அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோர வழிசெய்கிறது. அது அவசியமான சட்டந்தான். ஆனால் இரவில் யார் பக்கத்தில் படுப்பது என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிக்காது.

வாசிப்பு மனிதரைக் கனிவுள்ளவராக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ ஆகிய இருவரும், இலக்கியப் புனைகதையைச் சிறிது நேரம் வாசித்தவர்கள் பிறர் மனநிலையைக் கூடுதலாக உணர்ந்தார்கள் என்று எழுதியபோது நம்மவர் பலர் மகிழ்ந்தனர். 2016இலும் 2018இலும் வேறு ஆய்வாளர்கள் அதனைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. இதனால் நான் ஏமாற்றமடையவில்லை. கதை வாசித்தவன் நல்லவனாகிவிடுவான் என்று நான் நம்பியதில்லை. கதையின் பயன் வேறு. வீட்டில் வாய்திறந்து பேச முடியாததை, வேறு யாரோ ஒருவருடைய பெயரில் பேச அது இடந்தருகிறது.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மா'ளைப் பாருங்கள். அவள் கிழவியல்ல, நோயாளி. சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை அவளுக்குச் சமைத்து, மருந்து கொடுத்து, பின் கடைக்கும் ஓடுகிறார். ஜன்னி கண்ட வேளையில் அவள் அவரைத் தன் தாய் என்று நினைத்துக்கொண்டு, கணவனைத் தன்னைக் கட்டிப்போடும் எதிரியாக அவரிடமே முறையிடுகிறாள். அவர் அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பராமரிப்பவனுக்கு நன்றி கிடைக்கும் என்ற நமது எதிர்பார்ப்பை இவ்வளவு அமைதியாக உடைத்த இன்னொரு தமிழ்க் கதையை நான் வாசித்ததில்லை. நினைவு தப்பிய உம்மாவிடம் "நீ யார், வெளியே போ" என்ற சொல்லைக் கேட்ட பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி புரியும். அச்சொல்லைக் கேட்கப் போகிறவர்களுக்கு அது ஓர் ஆயத்தம்.

1886இல் வெளிவந்த தோல்ஸ்தோயின் 'இவான் இலியீச்சின் மரணம்' இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. படுக்கையில் கிடப்பவனை மிகவும் வதைப்பது, எல்லோரும் அவனுக்கு ஒன்றுமில்லை என்று நடிப்பது. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் மட்டும் நடிக்கவில்லை. நோயாளியின் கால்களைத் தன் தோள்மீது தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறான். அவனுடைய வேலையில் அருவருப்புமில்லை, பாவனையுமில்லை.

தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்த 'சாய்வு நாற்காலி'யை நாம் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் வீழ்ச்சியாகவே வாசித்து வந்தோம். அதைப் பராமரிப்பின் கதையாகவும் வாசிக்கலாம். நாற்காலியில் சாய்ந்து முன்னோரின் பெருமை பேசியபடி, வீட்டுச் சாமான்களை விற்று உண்கிறார் முஸ்தபாக்கண்ணு. அவர் இரக்கத்திற்குரிய முதியவரல்லர். மனைவியை வதைத்தவர். அப்படிப்பட்டவருக்கும் முதுமை வருகிறது. அவரையும் யாரோ பார்க்கத்தான் வேண்டும். நல்ல வாப்பாவைப் பார்ப்பது பற்றி யாரும் எழுதலாம். மீரான் நமக்குத் தருவது கஷ்டமான கணக்கு.

இந்தக் கதைகள் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை ஈச்சிலம்பற்றில் கண்டேன். மூதூருக்குத் தெற்கே, வெருகலாற்றுக்கு இப்பால் இருக்கும் ஊர். அங்கு ஓர் ஆசிரிய நண்பர் கண்பார்வை குறைந்த தன் தாயாருக்குக் கதைகள் வாசித்துக் காட்டுவார். நான் போயிருந்த ஒரு நாள் வாசித்தது 'செல்லம்மாள்'. கேட்டு முடித்த அம்மா, "அந்த மனுசனும் என்ன செய்யும் மகன், கடைக்குப் போகாட்டி அடுப்பெரியாதே" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஏலாம வந்தா மூத்தவள்ட வீட்ட கொண்டு போகாதீங்க. அங்க கிணத்தடி தூரம். இங்கினயே வைச்சிருங்க. ராவையில லாம்ப நூக்க வேணாம்" என்றார். மகன் பல வருடங்களாகக் கேட்கத் தயங்கியதற்கு அவரே பதில் சொல்லிவிட்டார். நண்பர் அதை மருந்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார்.

அந்த ஊர் 2004இல் ஆழிப்பேரலையைக் கண்டது. 2006இல் யுத்தம் வந்தபோது சனங்கள் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்குப் போனார்கள். இரு பக்கத்திலும் நடக்க முடியாதவர்களை யாரோ தூக்கினார்கள். இடப்பெயர்வு பற்றி நான் வாசித்த கதைகளில் பெரும்பாலானவற்றில் முதியவர் மண்ணின் குறியீடாக நிற்கிறார். ஊரைவிட்டு வரமாட்டேன் என்கிறார், அல்லது வழியில் இறந்துபோகிறார். அவரைத் தூக்கியவனின் தோள்வலி எழுதப்படவில்லை. முகாமில் கழிப்பறைக்கு அவரை அழைத்துப் போனவள் பாத்திரமாகவில்லை. குறியீட்டுக்குக் குளிசை கொடுக்க வேண்டியதில்லை என்பது எழுத்தாளனுக்கு வசதியாகப் போயிற்று.

கிழக்கில் நம் வழக்கம் வேறு ஒரு முடிச்சையும் போட்டிருக்கிறது. வீட்டைக் கட்டி மகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். முதுமையில் பெற்றோர் அதே வளவில், மகள் பெயரில் உறுதி எழுதப்பட்ட வீட்டில், மருமகனின் முகத்தைப் பார்த்து வாழ்கிறார்கள். அந்த மகள் வளைகுடாவில் வேறொருவருடைய உம்மாவைக் குளிப்பாட்டப் போய்விட்டால் இங்கே மூத்தம்மாவைக் குளிப்பாட்டுவது யார்? பள்ளிக்கூடம் போக வேண்டிய பேத்தியா? மருமகனுக்கு உரிமையும் கடமையும் எது வரை? நமது சமூகத்தின் உண்மையான நாவல் ஒன்று இந்த வளவுக்குள் கிடக்கிறது. நம் சிறுகதைகளோ சீதனக் கொடுமையோடு நின்றுவிடுகின்றன. கலியாணம் முடிந்து முப்பது வருடங்களுக்குப் பின் அந்தச் சீதன வீட்டில் நடப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இளம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது தியாகக் கதைகளை அல்ல. அவை போதுமான அளவு இருக்கின்றன. களைத்துப்போன மகளை, கோபக்கார வாப்பாவை, வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போகும் மகனைப் பொய்யில்லாமல் எழுதுங்கள். வாசகர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அத்தகைய கதை ஒன்று கிடைத்தால் தனியாக வாசித்து மூடிவைக்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியவருக்குக் கேட்கும்படி சத்தமாக வாசியுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள்.