இரண்டு வண்டிகள்

பெரியார்தம் வாழ்க்கையை எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. ‘பிறவி மேதை’ என்று எழுதிவிட்டு, அவர் ஏறிவந்த படிகளை மறைத்துவிடுவர். அறிஞர் அம்பேத்கர் வரலாற்றுக்கும் அந்தக் கதி நேர்ந்ததுண்டு. அவரே எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ எனும் ஆங்கிலச் சிறுநூல் அந்தப் புனைவைத் தகர்க்கிறது.

1891-ஆம் ஆண்டு, மாவ் படைமுகாமில் பிறந்தவர் அவர். பாட்டனார் படைவீரர். தந்தை ராம்ஜி, சுபேதார், படைப்பள்ளித் தலைமையாசிரியர். அந்த வீட்டுக்குள் எழுத்து நுழைந்தது கலைமகள் கடாட்சத்தாலா? இல்லை, பாசறைப் பள்ளியால்! அந்தப் படைவாயிலும் 1890-களில் மகர் மக்களுக்கு அடைக்கப்பட்டது.

நூலின் முதற்காட்சி 1901. தந்தையைக் காணச் சென்ற சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகின்றனர். புத்தாடை கண்டு பரிவோடு விசாரிக்கிறார் நிலைய அதிகாரி. ‘மகர்’ என்றதும் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி தந்தும் வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும். வண்டிக்காரர் உடன் நடந்து வருவார்!

அடுத்த வண்டி 1929-இல், சாலிஸ்காவில். இப்போது அவர் பாரிஸ்டர். பம்பாய்ச் சட்டசபை உறுப்பினர். அரசு அமைத்த குழுவில் ஒருவர். அப்போதும் அவரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரர் மறுத்தார். பழக்கமற்ற ஒருவர் ஓட்ட, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. இருபத்தெட்டாண்டுப் படிப்பும் பட்டமும் பதவியும் ஒரு வண்டியை வாங்கித் தரவில்லை!

நூலாசிரியர் அழவில்லை, அணி புனையவில்லை. நீதிமன்றத்தில் சான்று அடுக்கும் வழக்கறிஞராகப் பேசுகிறார். ஆறு பகுதிகளுள் முதல் நான்கு தாம் பட்டவை. இறுதி இரண்டு பிறர் பட்டவை. தன் காயத்திலிருந்து பிறர் காயத்துக்கு! அவர் அரசியலுக்கு நடந்த பாதையும் இதுவேயன்றோ?

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கண்டார். 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றம் புகுந்தார். அவ்வாண்டே கொங்கண் உழவரை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். அன்று அது நிறைவேறவில்லை; ஆனால், உழவர் குரல் மன்றம் ஏறியது.

“அவ்வளவு படித்தவருக்குமா, ஐயா?” என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். ஆம் தம்பி, அவருக்குந்தான். கல்வி ஒருவனை உயர்த்தும். வண்டிக்காரரின் மனத்தை மாற்ற அதுமட்டும் போதாது. அதனாலன்றோ அவர் சட்டம் இயற்றும் இடத்தைத் தேடினார்! தோழர்களே, அவர் படத்துக்கு மாலையிடுமுன் இந்தச் சிறுநூலைப் படியுங்கள்.