பிறனும் அடுத்திருப்பவரும்: சமூக ஊடகம் பற்றிய ஓர் ஆவணமும் தமிழ்ச் சொற்களும்

வத்திக்கானின் தகவல் தொடர்புத் துறை 2023 மே மாதத்தில், 'முழு உடனிருப்பை நோக்கி' எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. சமூக ஊடகங்களில் கிறித்தவர் எவ்வாறு இயங்குதல் வேண்டும் என்பது அதன் பொருள். லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் உவமை அதன் அடித்தளம். அதன் இறையியலை மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. அவ்வாதத்தைத் தாங்கும் சொற்கள் தமிழுக்கு வரும்போது என்னாகின்றன என்பதே வினா.

படைப்பு என்னும் சொல்லை முதலிற் கருதலாம். எபிரேய மொழியில் 'பாரா' என்னும் வினை, ஆக்குதல் என்னும் பொருளில், கடவுளை மட்டுமே எழுவாயாகக் கொள்ளும். பழைய தமிழ்த் திருப்புதல் 'சிருஷ்டி' என்று கூறி அவ்வேறுபாட்டை ஓரளவு காத்தது. இன்று காணொளி பதிவேற்றுவோர் அனைவரும் 'படைப்பாளர்' எனப்படுகின்றனர். கவிஞருக்கே தயங்கி வழங்கிய பெயர் அது!

பின்தொடர்தல் பற்றிய சிக்கல் வேறு வகையினது. ஊடகக் கணக்கைத் தொடர்வதற்கும் இயேசுவின் சீடராவதற்கும் ஆங்கிலத்தில் வினை ஒன்றே. ஆகவே இரண்டையும் எதிர்நிறுத்தும் சிலேடை அம்மொழியில் எழுதும் கிறித்தவர்க்கு எளிதாகக் கைகூடுகிறது. தமிழிலோ காவலர் திருடனைப் பின்தொடர்வர்; பின்பற்றார். மாணவர் ஆசிரியரைப் பின்பற்றுவர். பற்று என்னும் பகுதி உடன்பாட்டையும் பிடிப்பையும் உணர்த்துகிறது. மத்தேயு 16:24இல் பழைய திருப்புதலும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பும் 'பின்பற்று' என்றே ஆள்கின்றன. ஆங்கிலச் சிலேடையைத் தமிழில் வலிந்து அமைப்பவர், மொழி ஏற்கெனவே பிரித்து வைத்ததைக் குழப்புகிறார் எனலாம்.

ஆவணத்தின் மையச் சொல்லே கடினமானது. 1871இல் வெளிவந்த, பவர் தலைமையிலான குழுவின் திருப்புதலில் சட்ட அறிஞன் தனக்குப் 'பிறன்' யார் என வினவுகிறான். பொது மொழிபெயர்ப்பில் அவர் 'அடுத்திருப்பவர்' யார் எனக் கேட்கிறார். கிரேக்க மூலத்தின் 'பிளேசியோன்' அண்மையைக் குறிக்கும் சொல்லாதலின் பின்னதே மூலத்திற்கு அணித்து. ஆயினும் ஆவணம் கண்டிப்பது யாது? ஒத்த விருப்பமுடையோரையே ஊடக வழிமுறைகள் ஒன்றுசேர்க்கின்றன என்பதை. திரையில் நமக்கு அடுத்திருப்பவர் பெரும்பாலும் நம்மையே ஒத்தவர். யூதருக்குச் சமாரியர் அத்தகையோர் அல்லர். எனவே இச்சூழலில் 'பிறன்' என்பதே உவமையின் கூர்மையைக் காக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் உவமையின் இறுதியில் இயேசு வினாவைத் திருப்புகிறார்: அடிபட்டவனுக்கு அம்மூவருள் யார் அத்தகையவர் ஆனார் என்பது அது. பழைய திருப்புதல் அங்கும் 'பிறன்' என்றே கூற, உதவியவன் அந்நியனாய் நின்றான் என்ற பொருள் தோன்றி வாசகர் இடர்ப்படுகின்றனர். அவ்விடத்திற்கு 'அடுத்திருப்பவர்' முற்றிலும் பொருந்துகிறது. ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் நெறியை இவ்வாவணத்தின் மொழிபெயர்ப்பாளர் தளர்த்தி, வினாவில் ஒன்றையும் விடையில் மற்றொன்றையும் ஆளலாம்.

அப்போதும் ஓர் இடர் எஞ்சும். 'பிறன்' ஆண்பால் ஒருமை. 'பிறர்' எனத் திருத்தினால் பாற்சிக்கல் நீங்கும். வழியில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவன் கூட்டத்துள் மறைந்துவிடுவான்.