நன்னூலார் கண்ட மாணாக்கரும் வகுப்பறைச் சொல்லும்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியர் இயல்பினையும் மாணாக்கர் இயல்பினையும் வகுத்துரைக்கின்றது. ஆறுமுகநாவலரின் காண்டிகையுரை வழியாக ஈழத்துத் தமிழ்க்கல்வியிலும் அது நிலைபெற்றது. மாணவர் ஊக்கம் என்னும் நோக்கில் அப்பகுதியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் மாணாக்கருக்கு அன்னமும் பசுவும், இடை மாணாக்கருக்கு மண்ணும் கிளியும், கடை மாணாக்கருக்கு ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியனவும் உவமைகளாகின்றன. உரைகாரர் விளக்கத்தை நோக்கின், இவற்றுட் பல கற்கும் பழக்கங்களையே சுட்டுவன என்பது புலனாகும். பசு வயிறார மேய்ந்து பின் அசைபோடுகின்றது. ஆடு செடிதோறும் சில தழை கடித்து அகல்கின்றது. பழக்கம் மாறக்கூடியது. ஆனால் ஆடு ஒருநாளும் பசுவாவதில்லை. நடத்தையைக் கண்டு பிறந்த உவமை பிறவிக்குணத்தின் பெயராக உறைந்துவிடுகின்றது. நன்னூலின் குறை இதுவே எனலாம்.

வகுப்பறையில் இக்குறை மேலும் பெருகுகின்றது. உவமையின் காரணம் மறைய, எருமை, பன்னாடை என்னும் வசைகளே எஞ்சுகின்றன. அவற்றை நாள்தோறும் கேட்கும் மாணவன் எதற்காக முயல்வான்? தோல்வியே அவன் இயல்பென முன்னரே தீர்ப்பாகிவிட்டதன்றோ!

புகழுரையும் இதற்கு விலக்கன்று. 1998ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்களான முல்லரும் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், கெட்டிக்காரர் எனப் பாராட்டப்பெற்ற சிறுவர், கடினமான புதிர்களில் தோற்றபின் ஊக்கம் குன்றினர். முயற்சிக்காகப் பாராட்டப்பெற்றோரோ தொடர்ந்து முயன்றனர். அன்னமென அழைக்கப்பட்டவன் அப்பெயரை இழக்க அஞ்சுகின்றான் போலும்.

இக்குறைக்கு மாற்று நன்னூல் மரபிலேயே உண்டு. உழவனது முயற்சியின் அளவே மண் பயன்தரும். அதுபோல் ஆசிரியரது முயற்சியின் அளவே இடை மாணாக்கன் அறிவும் அமையும் என்பது உரை. விளைச்சல் குன்றின் உழவனும் விடைகூறல் வேண்டும். மேலும், ஆசிரியராகத் தகாதாருக்கும் நன்னூலார் உவமை கூறியுள்ளார். எவரையும் அணுகவிடாத மடற்பனையும், வளர்த்தவனை விட்டு அயலான் வளவிற் காய் உதிர்க்கும் முடத்தெங்கும் அவற்றுட் சில. எருமையை மறவாத வகுப்பறை இவற்றை மறந்தமை வியப்பன்று. அங்கே பெயரிடும் உரிமை ஒருவருக்கே உரியது.

கலைப்பீடத்திற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராவர். 'நீ ஆடு' என்பதற்கும், 'ஒரு பாடத்தை முடித்து மற்றதற்குச் செல்' என்பதற்குமுள்ள வேறுபாட்டினை அவர்கள் உணர்தல் வேண்டும். முன்னது மாணவனுக்குப் பெயரிடுகின்றது. பின்னது அவனுக்கு வேலை தருகின்றது. மாணவர் ஊக்கம் பின்னதிலேயே தங்கியுள்ளது.