சித்தம்பூண்டிக் கல்லும் செந்தமிழ்ப் பாட்டும்

நாற்பத்தொரு பாடல்கள் நம் மேசைமீது கிடக்கின்றன. ஓமலூரில் நாம் ஆசிரியப் பணியாற்றும் பள்ளியில், 2025 ஆகஸ்டுத் திங்களில், தேசிய விண்வெளி நாளையொட்டிக் கவிதைப் போட்டி ஒன்று நடத்தினோம். ‘நிலவைத் தொட்டோம்’ என்பது தலைப்பு. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். சிவப்பு மையோடு திருத்த உட்கார்ந்தோம். முடித்து எழுந்தபோது, திருத்தப்பட வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர் என்பது விளங்கிற்று.

பதினெட்டுப் பாடல்களில் நிலவு ஒரு பெண்ணின் முகம். பன்னிரண்டு பாடல்கள், நம் முன்னோர் என்றைக்கோ விண்ணில் பறந்துவிட்டவர்கள், இன்றைய அறிவியல் அவர்கள் சிந்திய எச்சம் என்று முழங்குகின்றன. எஞ்சிய பதினொன்றிலும் முரசு கொட்டுகிறது. வெற்றி, வெற்றி என்பதற்குமேல் அவற்றில் செய்தி இல்லை. எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது, ஓசைக்கும் குறைவில்லை. நிலவுதான் இல்லை!

பிள்ளைகளை நாம் பழிக்கவில்லை. 2023 ஆகஸ்டு 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 இன் விக்ரம் இறங்குகலம் நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்லக் கால் ஊன்றிற்று. அதன்பின் கவியரங்க மேடைகளில் நாம் கேட்டவையும், ஏடுகளில் நாம் படித்தவையும் பெரும்பாலும் இந்த மூன்று வகைக்குள் அடங்கியவையே. பெரியவர்கள் பாடினார்கள், சிறியவர்கள் படியெடுத்தார்கள். ஆகவே இத்திறனாய்வு பிள்ளைகளின் ஏட்டின்மீது அன்று, அவர்களுக்கு நிலவைக் கற்றுக் கொடுத்த நம் எழுத்தின்மீது.

முதலில் முகப்பாட்டு. முகத்தை நிலவுக்கு ஒப்பிட்டது குற்றமா? இல்லை. புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய பாட்டை எண்ணிப் பாருங்கள். தந்தையையும் மலையையும் இழந்த அந்தப் பெண்களுக்கு நிலவு அணிகலன் அன்று; இழந்த நாளுக்கும் இருக்கும் நாளுக்கும் இடையே நின்ற சான்று. இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களைப் போற்றித் தொடங்கினார். அப்புலவர்கள் தாம் கண்ட நிலவைத் தம் அறிவுக்கு எட்டிய மட்டும் முழுமையாகப் பாடினார்கள். நாமோ அவர்கள் அறிந்ததைத் திரும்பப் பாடுகிறோம். நாம் அறிந்ததைப் பாடாமல் விடுகிறோம். அவர்களைப் பின்பற்றுவது இதுவாகுமா?

அடுத்தது முன்னோர் பெருமை. பன்னிரண்டு பிள்ளைகளும் சான்று காட்டியது ஒன்றே: பாகன் இல்லாமல் செல்லும் வானவூர்தி என்று புறநானூறு சொல்கிறதாம்! சொல்கிறதுதான். ஆனால் எங்கே, எதற்காகச் சொல்கிறது? உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய 27ஆம் பாட்டில், புலவர் பாடும் புகழ் பெற்றோர் மறைந்தபின் எய்துவதாக நம்பப்பட்ட ஊர்தி அது. மறுமை பற்றிய நம்பிக்கையைப் பொறியியல் நூலாக்குவது தமிழுக்குச் செய்யும் சிறப்பன்று. புட்பக விமானத்தைக் காட்டி ஒருவர் பெருமை பேசும்போது எள்ளி நகைக்கும் நாம், நம் நூலைக் காட்டி அதே பிழையைச் செய்தால் நகைப்பு நம்மீதே திரும்பும்.

அதே புலவர், அதே மன்னனைப் பாடிய 30ஆம் பாட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றின் வழியையும் விரைவையும், காற்று இயங்கும் திசையையும், தாங்குவார் இன்றி நிற்கும் வானத்தையும், போய் அளந்து மீண்டவர்போல் கூறுவோர் இருக்கிறார்கள் என்று அதில் குறிக்கிறார். பெருமை கொள்ள வேண்டுமானால் இதில் கொள்வோம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வானத்தை அளக்க முயன்றோர் இந்நாட்டில் இருந்தனர். அதைப் பாட்டில் பதித்த புலவரும் இருந்தார். பறந்தோம் என்பது பொய்ப் பெருமை. அளக்க விரும்பினோம் என்பது மெய்ப் பெருமை. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கும் 30ஆம் பாட்டு தெரியவில்லை. நாம் சொல்லிக் கொடுத்திருந்தால் அல்லவா தெரியும்?

மூன்றாவது முரசுப் பாட்டு. இதில் விழுங்கப்பட்டது தோல்வி. 2019 செப்டம்பர் 7, நள்ளிரவு கடந்த வேளையில், சந்திரயான்-2 இன் இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. நாடே விழித்திருந்து பார்த்த தோல்வி அது. பிழை எங்கே என்று தேடினார்கள். கலத்தின் கால்களை வலுவாக்கினார்கள். மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். நான்கு ஆண்டுகள்! தேர்வில் தோற்று, வீட்டுக்குப் போக அஞ்சி நிற்கும் பிள்ளைகள் நிறைந்த நம் வகுப்பறைகளுக்கு, 2023இன் வெற்றியைவிட 2019இன் தோல்வி அல்லவா பெரிய பாடம்? அதைப் பாடியவர் யார்?

இனி, நாற்பத்தொரு பாடல்களில் ஒன்றிலும் வராத ஒரு கல்லைப் பற்றிச் சொல்வோம்.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்கள் இருக்கின்றன. ஓமலூரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பிவிடலாம். அங்கே வெண்மை படர்ந்த பாறை ஒன்று தரைக்கு மேலேயே கிடக்கிறது. நிலநூலார் அதை அனார்த்தசைட் என்பர். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நிலவில் இறங்கும் கலத்தையும் அங்கே உருளும் ஊர்தியையும் இங்கேயே சோதிக்க வேண்டுமானால் நிலவின் மண்ணை ஒத்த மண் வேண்டும். அயல்நாட்டில் வாங்கினால் பெரும்பொருள் செலவாகும். அந்நிலையில்தான் சித்தம்பூண்டிக் கல் கைகொடுத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் கல்லை அடையாளம் காட்டினர். இஸ்ரோவின் பொறியாளர்களும் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் கூடி உழைத்தனர். சேலத்துக் கல்லுடைக்கும் ஆலைகளில் கல் நுண்மண் ஆயிற்று. ஏறத்தாழ 50 டன் மண் பெங்களூருக்குப் போயிற்று. நிலவின் மண்ணை ஒத்த மண் செய்யும் அந்த முறைக்கு இஸ்ரோ 2020இல் காப்புரிமையும் பெற்றது. அந்தப் பல்கலைக்கழகம் நாம் ஓமலூரிலிருந்து சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் அதைக் காணும் நம் மாணவர்க்கு இச்செய்தி புதியது!

நிலவுக்கும் நாமக்கல்லுக்கும் என்ன உறவு? நிலவு தோன்றிய தொடக்கத்தில் அதன் மேற்பரப்பு உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது அறிவியலார் கொள்கை. அக்கடல் ஆறியபோது கனத்த தாதுக்கள் அடியில் தங்கின. இலேசானவை மேலே மிதந்து உறைந்தன. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை மேலே படர்வதில்லையா? அப்படிப் படர்ந்த ஆடைதான் நிலவின் வெண்மையான மேட்டு நிலம். அந்த ஆடையின் பெயர் அனார்த்தசைட். நாம் ‘கறை’ என்றும், ‘பாட்டி வடை சுடுகிறாள்’ என்றும் சொல்லும் கருமை, பின்னர் எரிமலைக் குழம்பு பாய்ந்து உறைந்த கரும்பாறைச் சமவெளி. சித்தம்பூண்டிப் பாறை பிறந்த வழி வேறு, காலமும் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே இனக் கல்.

1969இல் அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில் கிடந்த வெண்துணுக்குகளைக் கண்டு எழுந்த கொள்கை அது. 2023இல் பிரக்யான் ஊர்தி, ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவு உருண்டு, 23 இடங்களில் மண்ணின் கூறுகளை அளந்தது. அந்த அளவுகள் உருகிய கடல் கொள்கைக்குத் துணை நிற்கின்றன என்று 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் ஆய்வுரை வெளிவந்தது. முகம், முகம் என்று பாடினோமே, அந்த முகத்தின் வெண்மை நம் அண்டை மாவட்டத்துக் கல்லின் உறவு என்பதைவிட வியப்பான உவமை எந்தப் புலவனுக்குக் கிடைக்கும்?

இதை வகுப்பில் சொன்னோம். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை கல்லுடைக்கும் ஆலையில் கூலிக்கு நிற்பவர். “அந்தக் கல்லை உடைத்தவர்கள் யார் ஐயா? அவர்கள் பெயரை எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா?” என்று கேட்டாள். நம்மிடம் மறுமொழி இல்லை. ஆனால் அந்த நாற்பத்தொரு பாடல்களிலும் இல்லாத கவிதை அக்கேள்வியில் இருந்தது.

பாட்டில் நிலவு எப்படி இருந்தால் என்ன, சோற்றுக்கு ஆகுமா என்று கேட்போர் இருக்கலாம். ஆகும். அதற்குச் சான்று நம் வீட்டிலேயே இருக்கிறது.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு முழு நிலவு மறைப்பு. நம் தமக்கையார் ஏழாம் மாதக் கருவோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தார். நண்பகலுக்கே அடுப்பு அணைந்தது. நம் அம்மாயி, “பாம்பு பிடிக்கிற நேரம் அடங்குமட்டும் பச்சைத் தண்ணீர்கூட ஆகாது” என்று கதவைச் சாத்திவிட்டார். இரவு பத்து மணிக்கு, மறைப்பு தொடங்கிய சற்றைக்கெல்லாம், அறையிலிருந்து ஓசை கேட்டது. தமக்கையார் தலைசுற்றிச் சுவரோரம் சாய்ந்திருந்தார். நாம் கதவைத் திறந்து நீர் கொடுத்தோம். சோறு பிசைந்து கொடுத்தோம். அம்மாயி எட்டு நாள் நம்மோடு பேசவில்லை. டிசம்பரில் குழந்தை நலமாகப் பிறந்தது. “பாதிப் பொழுதாவது நோன்பு இருந்ததால் பிழைத்தது” என்கிறார் இன்றைக்கும்!

அம்மாயி பிறந்த ஊர் எது தெரியுமா? சித்தம்பூண்டிக்கு அடுத்த ஊர். நிலவின் இனக் கல்லில் நெல் உலர்த்தி வளர்ந்தவர், நிலவின்மேல் விழுந்த நிழலுக்கு அஞ்சிப் பேத்தியை இருட்டறையில் அடைத்தார். அவரை எப்படிக் குறை கூறுவோம்? 2023 ஜூலையில், கலத்தை ஏவுமுன், அதன் சிறு மாதிரியை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகள் சிலர் திருப்பதி சென்று வழிபட்டார்கள். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. ஆனால் படித்தவர்களே அங்ஙனம் செய்தால், படிக்காத மூதாட்டி மட்டும் எதைக் கண்டு துணிவார்?

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். கதிரவன், புவி, நிலவு மூன்றும் நேர்க்கோட்டில் வருவதை மூன்றாண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டி வருகிறோம். அன்றிரவு அம்மாயியிடம் சொல்ல நமக்குச் சொல் கிடைக்கவில்லை. அவரிடம் ஒரு பாம்பு இருந்தது. அது நெளிந்தது, வாய் திறந்தது, விழுங்கிற்று. நம்மிடம் மூன்று வட்டங்களும் ஒரு கோடும் இருந்தன. சங்கப் பாடல்களிலும் பாம்பு பற்றிய திங்கள் உவமையாக வருகிறது. உவமையாய் வந்தது கதையாகி, கதை விதியாகி, விதி தாழ்ப்பாளாகிவிட்டது. ஆற்றல் வாய்ந்த கதையைப் பாடநூல் வெல்லாது. இன்னொரு கதைதான் வெல்லும். அந்தக் கதையை எழுதியிருக்க வேண்டியவர்கள் யார்? நம் எழுத்தாளர்கள். அவர்கள் முகத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழை நாட்டுக்கு நிலவு எதற்கு என்னும் வினாவும் பழையது. 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவுகணை எழுந்தபோதே எழுந்தது. விக்ரம் சாராபாய், செல்வ நாடுகளோடு நிலவுக்குப் போட்டியிடும் கனவு நமக்கில்லை, மக்களின் மெய்யான இடர்களுக்குப் புதிய அறிவைப் பயன்படுத்துவதே நோக்கம் என்று விடையளித்தார். அவர் வகுத்த எல்லையை நாடு இப்போது கடந்திருக்கிறது. சந்திரயான்-3க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். 140 கோடி மக்களுக்கு வகுத்தால் ஆளுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. நிலவின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4க்கு 2024 செப்டம்பரில் 2,104 கோடி ஒப்பளிக்கப்பட்டது. 2040க்குள் நிலவில் மனிதரை இறக்குவது இலக்கென்று அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது.

செலவு மிகை என்று நாம் வழக்காடவில்லை. நம் வழக்கு வேறு. அம்மாயியும் ஐந்து ரூபாய் கொடுத்திருக்கிறார். கல்லுடைப்பவரும் கொடுத்திருக்கிறார். அந்த ஐந்து ரூபாய்க்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? தொலைக்காட்சியில் ஒரு மாலை நேரக் கைதட்டல். அறிந்துகொண்டவை ஆங்கில ஏட்டுக்குள் இருக்கின்றன. அச்சமோ தமிழ் வீட்டுக்குள் இருக்கிறது. வாங்கிய அறிவைப் பங்கிட்டுத் தராதவரை, ஏழை நாட்டுக்கு நிலவு எதற்கு என்னும் வினாவுக்கு முழு விடை தந்தவர் ஆகமாட்டோம். அந்தப் பங்கீடு விஞ்ஞானியின் வேலை மட்டும் அன்று; பாவலரின் வேலை, கதையாசிரியரின் வேலை, நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியரின் வேலை.

போட்டியில் முதற்பரிசை நாம் யாருக்கும் அளிக்கவில்லை. பரிசுத் தொகையில் ஒரு வண்டி அமர்த்தி, வரும் கோடை விடுமுறைக்கு முன் பிள்ளைகளைச் சித்தம்பூண்டிக்கு அழைத்துச் செல்லப் போகிறோம். பாறைமேல் அமர்ந்து மறுபடியும் எழுதச் சொல்வோம். தலைப்பு அதுவே. விதி ஒன்றுதான்: கையில் அந்தக் கல் இருக்க வேண்டும். அம்மாயியையும் கூப்பிட்டிருக்கிறோம். பிறந்த ஊர்ப் பக்கம் போய் வெகுநாள் ஆயிற்று, வருகிறேன் என்றிருக்கிறார்.