110, கீழ்நோக்கி அம்புக்குறி

திரையில் 110. இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்களுக்குப் பிரியமான எண் இது. சாப்பாட்டுக்கு முன் 110 என்றால் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டுவார். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே செங்குத்தாகக் கீழே பார்க்கும் ஓர் அம்புக்குறி இருந்தால், அதே 110 எச்சரிக்கையாகிவிடும். சர்க்கரை நிமிடத்துக்கு 2 புள்ளிக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். இருபது நிமிடத்தில் 70-ஐத் தொட்டுவிடும். லோ சுகர் தொடங்கும் எல்லை அது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் ஏறுகிறவருக்கு அந்த இருபது நிமிடம்தான் உயிர்.

நான் டைப் 1 நீரிழிவுக்காரன். கோவைக்காரன். ஓய்வு நாள் வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. சைக்கிள், இல்லையென்றால் மலை. மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் சென்சாரோடு ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கழித்துவிட்டேன். அதில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாமே கடைசியில் அந்த அம்புக்குறியில்தான் வந்து நிற்கின்றன.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. தோலுக்கு அடியில் அரை சென்டிமீட்டர் அளவு மெல்லிய இழை, மேலே சிறிய பிளாஸ்டிக் வட்டு, போனில் ஓர் ஆப். ஒட்டும்போது வலி இல்லை என்றே சொல்லலாம். ஒட்டிய ஒரு மணி நேரத்தில் பேசத் தொடங்கும், இரண்டு வாரத்தில் ஆயுள் முடியும். அபாட், டெக்ஸ்காம், மெட்ரானிக் என்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் இந்தக் களத்தில் இருக்கின்றன. என் கையில் இருப்பது எது என்பது இங்கே வேண்டாம். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகளுக்கே உரியவை.

குளுக்கோமீட்டரை நான் மட்டமாகப் பேசமாட்டேன். இத்தனை ஆண்டுகள் என்னைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அது சொல்வது அந்த நொடியின் எண்ணை மட்டும். உக்கடம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு பஸ் நிற்கிறது என்று யாரோ போனில் சொல்வதைப் போன்றது அது. உள்ளே வருகிறதா, வெளியே கிளம்புகிறதா என்று தெரியாமல் எப்படி ஓடுவது? அம்புக்குறி அதைச் சொல்லிவிடுகிறது. படுக்கைவாட்டில் இருந்தால் சர்க்கரை நிலையாக இருக்கிறது. சரிந்திருந்தால் நிமிடத்துக்கு 1 முதல் 2 புள்ளி வரை மாறுகிறது. செங்குத்தாக நின்றால் 2-க்கு மேல். நீரிழிவோடு வெளியே சுற்றுகிற வாழ்க்கைக்கு இந்த மூன்று நிலைகளும் மனப்பாடமாக வேண்டும்.

மலையேற்றத்தில் இது எப்படி உதவுகிறது என்று பார்க்கலாம். நீண்ட நேர உடற்பயிற்சியைத் தொடங்கும்போது சர்க்கரை 126-க்கும் 180-க்கும் இடையில் இருப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்று நிபுணர்களின் பரிந்துரை உண்டு. ஆழியாறு செக்போஸ்ட்டில் நான் பார்ப்பது இதைத்தான், கூடவே அம்பையும். 150-ம் படுக்கை அம்பும் என்றால் நேராக மிதிக்கலாம். 150-ம் சரிந்த கீழ் அம்பும் என்றால் முதலில் ஒரு வாழைப்பழம். உழைக்கும் தசை, இன்சுலினின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காலையில் போட்ட இன்சுலினும் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தால் இரண்டு பக்கமும் இறைக்கும் கிணறாகிவிடும் ரத்தம். அந்த இறக்கத்தை, அது நடக்கும்போதே கண்ணால் பார்க்க முடிவது பெரிய விஷயம்.

எனக்குக் கிடைத்த எதிர்பாராத மகிழ்ச்சி வேறொன்று. வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கிறதே, அதற்கு முன்னால் மூச்சுப் பிடித்து வேகமாக மிதித்தால் அம்பு மேலே திரும்பும்! உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை குறையும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கடுமையான குறுகிய உழைப்பின்போது அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்புக் குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. சற்று ஓய்ந்தால் தானே இறங்கிவிடும். இது தெரியாமல் அந்த உயர்வுக்கு இன்சுலின் போட்டால் அடுத்த அரை மணியில் ஆபத்து. பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்த உண்மையை என் சொந்த உடம்பில், ஆழியாறு அணையைப் பார்த்தபடி நான் கற்றுக்கொண்டது அந்த அம்பினால்தான். என்னோடு மிதிக்கும் பையன் இப்போதெல்லாம் எண்ணைக் கேட்பதே இல்லை. "அண்ணா, அம்பு எந்தப் பக்கமுங்க?" என்றுதான் கேட்கிறான்.

இனி, அம்பின் எல்லை. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு இடையில் இருக்கும் திரவத்தை அளக்கிறது. 1962-ல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த என்சைம் மின்முனை என்ற யோசனைதான் இதற்கெல்லாம் மூலம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுவது. ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் அந்தத் திரவத்துக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. வேகமாக இறங்கும்போது ரத்தம் திரையைவிடக் கீழே போயிருக்கும். ஆகவே 85-ம் செங்குத்துக் கீழ் அம்பும் தெரிந்தால், லோ வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு சைக்கிளை ஓரம் கட்டவேண்டும்.

லோவிலிருந்து மீளும்போதும் இதே சிக்கல்தான். 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு என்பது வழக்கமான விதி. குளுக்கோஸ் தூளைக் கரைத்துக் குடித்த பிறகும் திரையில் எண் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் குடித்தால் ஒரு மணி நேரத்தில் 300-ல் போய் நிற்கும். அந்த நேரத்தில் விரலைக் குத்தித்தான் பார்க்க வேண்டும். மலையேறும் நண்பர்கள் பாசத்தோடு நீட்டும் கடலைமிட்டாயும் லோவுக்கு உதவாது. கடலையின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். முதலில் குளுக்கோஸ், அம்பு திரும்பிய பிறகு கடலைமிட்டாய்.

இவ்வளவு முக்கியமான அம்புக்குறியை என் ஆப் எப்படிக் காட்டுகிறது தெரியுமா? எண் பெரிதாக, தடித்த எழுத்தில். அம்பு அதன் ஓரத்தில், சிறிதாக, மெல்லிய கோடாக. எனக்குத் தீராத கோபம் இதில்தான். கோவை வெயிலில் போன் திரையில் எண்ணே மங்கலாகத் தெரியும். அந்தக் கோடு எங்கே தெரிவது? லோ தொடங்கும்போது முதலில் போவது கண்ணும் கவனமும்தான். கை நடுங்கும், பார்வை கலங்கும். அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்காக வடிவமைக்கிறோம் என்ற நினைப்பே வரைந்தவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஏசி அறையில், மேசைமேல் வைத்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். திரை முழுக்க அம்பு, அதற்குள் எண்: இவ்வளவுதான் நான் கேட்பது. கூடவே, போனைத் தொடாமலே "நூற்றிப்பத்து, வேகமாக இறங்குகிறது" என்று தமிழில் சொல்லும் ஒரு குரல். வழிகாட்டும் ஆப்கள் தமிழில் பேசும் காலத்தில் உயிர்காக்கும் ஆப் பேசக்கூடாதா?

அடுத்த குறை பசை. குளிர்நாட்டுத் தோலுக்குச் செய்த பசை சித்திரை மாத வியர்வைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. மேலே தனியாக ஒரு பட்டை ஒட்டாமல் நீண்ட பயணம் கிளம்புவது வீண். பாதி ஆயுளில் கழன்றுவிழுந்த சென்சாருக்கு மாற்று கேட்டுக் கஸ்டமர் கேரில் காத்திருந்து, அதே கதையை ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது பெரிய எரிச்சல்.

தூக்கத்தில் சென்சார் இருக்கும் கைமேல் படுத்தால் அழுத்தத்தால் எண் பொய்யாக இறங்கும். அலாரம் அடித்து வீட்டையே எழுப்பும். என் மனைவிக்கு இந்தச் சத்தம் இப்போது பழகிவிட்டது. ஆனாலும் அலாரத்தை அணைக்க நான் சம்மதிக்கமாட்டேன். மலையேறி வந்த நாளின் இரவுதான் ஆபத்தான இரவு. தசைகள் காலியான கையிருப்பை நிரப்பிக்கொண்டிருக்கும், இன்சுலின் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும். உடற்பயிற்சிக்குப் பிறகு 24 மணி நேரம் வரை இந்த விளைவு நீடிக்கலாம். பொய் அலாரம் சில வந்தாலும் உண்மையான ஒன்று தவறக்கூடாது. அதிக அளவில் வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சில சென்சார்களில் அது எண்ணைப் பொய்யாக ஏற்றிக் காட்டும்; பெட்டிக்குள் இருக்கும் தாளை அவசியம் படியுங்கள்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்சார் போனோடு பேச செல்போன் டவர் வேண்டியதில்லை; அடிவாரப் பூண்டியைத் தாண்டிக் காட்டுக்குள் போனாலும் உங்களுக்கு எண் தெரியும், அம்பு தெரியும். ஆனால் வீட்டிலிருப்பவர்கள் தங்கள் போனில் பார்க்கும் வசதி இன்டர்நெட் இல்லாமல் நின்றுவிடும். அதைக் கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஏழாவது மலைக் குளிரில் போன் பேட்டரி வேகமாகத் தீரும். போன் அணைந்தால் அம்பும் இல்லை. பவர்பேங்க், குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் தூள் நான்கும் பையின் மேல்பக்கம் இருக்கட்டும். கூட வருகிறவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரியட்டும்.

நீரிழிவு வந்தவர்கள் அடங்கி ஒடுங்கி இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. முப்பது வயதையொட்டி நீரிழிவு வந்த வாசிம் அக்ரம் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் பாகிஸ்தானுக்காக வேகப்பந்து வீசினார். டீம் நோவோ நார்டிஸ்க் என்ற தொழில்முறை சைக்கிள் அணியில் இருக்கும் வீரர்கள் அனைவரும் டைப் 1 உள்ளவர்கள். அவர்களுக்கு இருக்கும் தைரியம் நமக்கும் உண்டு. அந்தத் தைரியத்துக்குத் தேவையான தகவலைத்தான் இந்தக் கருவி தருகிறது.

இனி விலை. ஒரு சென்சார் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். மாதம் இரண்டு வேண்டும். நம் நாட்டுச் சம்பளத்தில் இது அநியாயம். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் டைப் 2. மாத்திரையில் கட்டுப்பாடாக இருப்பவர்களுக்கு இது எந்நேரமும் தேவையில்லை. ஆண்டில் ஒன்றிரண்டு முறை ஒட்டிப் பார்த்து, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். ஆனால் டைப் 1 உள்ளவர்களுக்கு, அதிலும் லோ வந்தால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு, இது ஆடம்பரம் இல்லை. இங்கிலாந்தில் டைப் 1 உள்ள எல்லோருக்கும் இதை அளிக்கவேண்டும் என்று, அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரையைக் கொண்டுசேர்த்த தமிழ்நாடு, டைப் 1 குழந்தைகளுக்கு இந்தச் சென்சாரையும் இலவசமாகத் தரவேண்டும்.

வாங்கலாமா? இன்சுலின் போடுகிறவராக இருந்து, சைக்கிளோ மலையோ நீண்ட பைக் பயணமோ உங்கள் வாழ்க்கையில் இருந்தால், வாங்குங்கள். மாதாமாதம் முடியாவிட்டால் பயணம் வரும் இரண்டு வாரத்துக்காவது ஒட்டிக்கொள்ளுங்கள். இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குளுக்கோமீட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எண்ணைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அம்பையும் சேர்த்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகே பெடலில் கால் வையுங்கள்.